ஸ்கெல்பெக்கின் கடைசிக் கூட்டக் குறிப்பு

1

இந்தக் கதை பிறந்தது ஓர் எரிச்சலில். இங்கிலாந்தின் ஸ்கெல்பெக் ஊரக மாவட்டத்தின் வரலாறு கேட்டு ஆவணக் காப்பகத்துக்கு நான்கு கடிதங்கள் எழுதினேன். நான்காவதற்குத்தான் பதில் வந்தது, ஒரே வரியில்: "1894இல் தோன்றியது, 1974இல் கலைக்கப்பட்டது." எண்பது வருடத்துக்கு ஒரு காற்புள்ளி. அதற்குள் ஆட்களை உட்கார வைக்கப் போகிறேன். ஆட்கள் கற்பனை. எரிச்சல் கற்பனையல்ல.

2

முதல் தொடக்கம்: யார்க்‌ஷர் மலைகளில் பனி உருகிக்கொண்டிருந்த அந்த... (வேண்டாம். எல்லாக் கதையிலும் பனி உருகுகிறது.)

இரண்டாவது: 1974 மார்ச்சின் கடைசி வெள்ளி, பிற்பகல். மன்றச் செயலர் மேவிஸ் தாக்ரே பேனாவில் மை நிரப்பிக்கொண்டாள். ஞாயிறோடு ஸ்கெல்பெக் மன்றம் கிடையாது; மாவட்டமே ஒரு புதிய பெரிய மாவட்டத்தில் கரைந்துவிடும். ஆற்றோரப் புல்வெளியைக் கிராமத்தாருக்கே கொடுப்பதென்று சற்றுமுன்தான் தீர்மானம் நிறைவேறியிருந்தது. கூட்டக் குறிப்பில் தலைவரின் கையெழுத்து விழாவிட்டால், புல்வெளி அந்தப் பெரிய மாவட்டத்தின் கைக்குப் போய்க் கார் நிறுத்துமிடம் ஆகிவிடும்.

சிக்கல் இதுதான். ஒரு கூட்டத்தின் குறிப்பை அடுத்த கூட்டத்தில் படித்துக் கையெழுத்திடுவது வழக்கம். இங்கே அடுத்த கூட்டமே இல்லை.

"இதே கூட்டத்துலயும் போடலாம்னு சட்டத்துல இருக்கு," என்றாள் மேவிஸ். "நான் எழுதி முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் எழுந்திருக்கக் கூடாது."

3

"எழுதும்மா, யார் தடுத்தா?" என்றார் தலைவர் எர்னஸ்ட் மெட்காஃப். ஆட்டுப் பண்ணைக்காரர்.

"நீங்கதான் தலைவரே. நீங்க பேசப் பேச அதையும் நான் எழுதணுமே."

"இதையுமா?"

"இதையும்தான்."

"அட கடவுளே!"

"அதுவும் ஏறிடுச்சு."

புதிய மாவட்ட மன்றத்துக்கும் தேர்வாகியிருந்த பாரக்லோ கடிகாரத்தைப் பார்த்தார். "வெளியே புது மாவட்டத்து வண்டி நிக்குது. குறிப்புப் புத்தகத்தைக் குடுத்துட்டு டீ குடிக்கப் போலாமே?"

"உமக்கு அங்கே நாற்காலி போட்டாச்சு. உட்கார என்னய்யா அவசரம்?" என்றார் மெட்காஃப்.

"தலைவரே!" என்று அலறினாள் மேவிஸ்.

"சரி, சரி. வாயைத் தச்சுக்கிட்டேன்."

(அடிக்குறிப்பு: இதையெல்லாம் எழுதாமல் விட்டால் என்ன என்பீர்கள். அப்படியும் ஒரு வரைவு எழுதினேன். மேவிஸ் ஒப்பவில்லை. ஒரு சொல் விடுபட்டாலும் குறிப்பே பொய் என்று சொல்லிவிட பாரக்லோ காத்திருந்தார்.)

4

கடைசி வரி: "குறிப்பு படிக்கப்பட்டு ஏற்கப்பட்டது, தலைவர் கையெழுத்திட்டார்." ஆனால் அவர் இன்னும் இடவில்லையே! நடக்குமுன் எழுதினால் பொய். நடந்தபின் எழுதினால் வரி கையெழுத்துக்குக் கீழே போய்விடும்; கீழே இருப்பது செல்லாது. மேவிஸின் பேனா நின்றது. என் பேனாவும் இதே இடத்தில் நான்கு நாள் நின்றது.

முடிவு அ: வண்டிக்காரர் உள்ளே வந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டார், எல்லோரும் மெல்ல எழுந்து... (அடித்துவிட்டேன். இதைத்தான் காப்பகம் எழுதி அனுப்பிவிட்டதே.)

முடிவு ஆ: இருபத்தாறு வருடப் பணியில் முதன்முறையாக, மேவிஸ் நடக்காத ஒன்றை எழுதினாள். புத்தகத்தைத் திருப்பித் தள்ளினாள். "போடுங்க தலைவரே. என்னைப் பொய்க்காரி ஆக்கிடாதீங்க."

மெட்காஃப் போட்டார். ஆட்டு முதுகில் அடையாளம் தீட்டுகிற மாதிரி, பக்கத்தின் அகலத்துக்கு.

5

இனி அவர் "கூட்டம் முடிந்தது" என்று சொல்ல வேண்டும். அதை நான் எழுத மாட்டேன். எழுதாதவரை அத்தனை பேரும் உட்கார்ந்திருப்பார்கள். ஸ்கெல்பெக்கும் இருக்கும். கலைத்தே தீர வேண்டுமென்றால் நீங்களே சொல்லுங்கள், மேவிஸின் முகத்தைப் பார்த்து, சத்தமாக.

அவள் எழுதிக்கொள்வாள். முதலில் உங்கள் பெயரைக் கேட்பாள்.