மூன்று தரம் தீட்டிய அரிசி

குழந்தை அழுதுகொண்டிருந்தான். சத்தம்தான் வரவில்லை.

பாஞ்சாலி குனிந்து பார்த்தாள். வாய் அகலத் திறந்திருந்தது. முகம் சிவந்து நெற்றி நரம்பு புடைத்திருந்தது. தொண்டையிலிருந்து காய்ந்த ஓலை உரசுகிற மாதிரி ஒரு கரகரப்பு மட்டும் வந்தது. இது தெரிந்த அழுகை. மூத்தவன் அறுபத்திரண்டாம் நாள் இப்படித்தான் அழுதான். பொழுது சாய்வதற்குள் போய்விட்டான். அடுத்தவள் எழுபதாம் நாள். இவனுக்கு இன்று அறுபத்தாறு.

இரண்டும் நோஞ்சான் பிள்ளைகள் இல்லை. கொழுகொழுவென்று பால் குடித்துக்கொண்டிருந்தபோதே போனவை. அதனால் பழி பாலின்மேல் விழுந்தது. போன வருஷம் பக்கத்து வீட்டு எல்லம்மாள் அவள் பாலைக் கிண்ணியில் பீய்ச்சி, ஒரு எறும்பைப் பிடித்துப் போட்டுப் பார்த்தாள். எறும்பு செத்தது. "விசப்பாலுடி" என்றாள். அதோடு தெருவில் யாரும் தங்கள் பிள்ளையை பாஞ்சாலியின் மடியில் விடுவதில்லை.

"பாவா, இங்க வா."

மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கோதண்டபாணி திரும்பினான். அவள் அத்தை மகன், புருஷன், அரிசி மில்லில் மிஷின் ஓட்டுகிறவன். அவள் முகத்தைப் பார்த்ததும் சோற்றுத் தூக்கை அங்கேயே வைத்துவிட்டுக் குழந்தையை வாரினான்.

மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் தபிதாள் குழந்தையின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். உதட்டை அமுக்கிப் பார்த்தாள். அப்புறம் செய்ததுதான் விசித்திரம். பிள்ளையை மேஜையில் கிடத்திவிட்டுத் தாயின் காலருகே உட்கார்ந்தாள்.

"குத்துதா?"

"எதுங்க?"

ஊசி ஏற்கெனவே பாதத்தில் இருந்தது.

"கால் மரத்து எத்தினி நாளாவுது?"

"ரெண்டு மாசமா மதமதன்னுதான் கீதுங்க. புள்ள பெத்த ஒடம்புன்னு உட்டுட்டேன்."

"இன்னா சாப்புடுற?"

"பத்தியங்க. வெறும் சோறும் மொளகு ரசமும்."

கோதண்டபாணி குறுக்கிட்டான். "சோத்துல கொற வெக்கலீங்க. கூலிக்காரங்க துன்ற செவப்பு அரிசி இல்ல. இவளுக்குன்னே மூணு தரம் மிஷின்ல உட்டுத் தீட்டி எடுத்தாருவேன். மல்லிப்பூ மாதிரி இருக்கும்."

"கழுவுவியா?"

"அஞ்சு தண்ணி கழுவி, வடிச்சிடுவேன்" என்றாள் பாஞ்சாலி.

தபிதாள் முந்திய இரண்டு பிள்ளைகளின் கதையையும், எறும்பின் கதையையும் கேட்டுக்கொண்டாள்.

"எறும்ப எதுல போட்டாலும் முழுகித்தான் சாவும். அதுக்கு நீச்சலா தெரியும்? உன் பால்ல விசமில்ல பொண்ணே. இருக்க வேண்டிய ஒரு சத்து இல்ல. நீ துன்றதுதான் பால்ல எறங்கும். அந்தச் சத்து அரிசி மேல்தோல்ல, தவுட்ல கீது. அத இவரு ஒரசி எடுத்துட்டாரு. ஒட்டிக்கினு இருந்தத நீ கழுவி ஊத்திட்ட."

"தவுடா? அது மாட்டுக்குப் போடறதுங்க" என்றான் கோதண்டபாணி.

"மாட்டோட கன்னுக்குட்டி நல்லாத்தானப்பா கீது?"

கோதண்டபாணிக்கு முனியன் ஞாபகம் வந்தது. மில்லில் மூட்டை தூக்குகிறவன். பெண்டாட்டி கேழ்வரகுக் களி தின்றே ஐந்து பெற்றாள். ஐந்தும் தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தும். அந்தக் குடும்பத்துக்காக அவன் பரிதாபப்பட்டிருக்கிறான்.

"ஊசி மருந்து இருந்தா சாயந்தரத்துக்குள்ள பொழைச்சிக்குவான். சீமையில சண்டை வந்ததுலேர்ந்து அந்த மருந்து இங்க வரதில்ல. ஓடு, புதுத் தவுடா கொண்டா. கஷாயம் எறக்கி ஊட்டிப் பாப்போம். வேற ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

மேல்துண்டில் அவன் கட்டிக்கொண்டு வந்த தவிடு மிஷின் சூடு ஆறாமல் இருந்தது. தபிதாள் பாதியை அடுப்பேற்றினாள். மீதியை பாஞ்சாலியிடம் தள்ளி, "உனக்கு. ரெண்டு நாளைக்கு உன் பால் இவனுக்கு வாணாம், மொதல்ல அதுல சத்து எறங்கட்டும்" என்று சொல்லி, அவள் மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டினாள்.

பாஞ்சாலி கைப்பிடியாக அள்ளி வாயில் போட்டாள். தொண்டை அடைத்தது. தண்ணீர் குடித்து விழுங்கினாள். மறுபடி அள்ளினாள். மூன்றாவது பிடியில் கை நின்றது.

"பாவா. அப்ப அந்த ரெண்டும்?"

அவன் இமையெல்லாம் மில் தூசி. அவள் வாயோரம் ஒட்டியிருந்த தவிட்டைத் துடைக்கக் கையை நீட்டினான். அவள் முகத்தை நகர்த்திக்கொண்டு தானே துடைத்தாள். பிறகு மீதியைத் தின்ன ஆரம்பித்தாள்.

தபிதாள் கஷாயத்தில் துணித்திரியை நனைத்துக் குழந்தையின் வாயில் வைத்தாள். இரண்டு சொட்டு உள்ளே போயிற்று; ஒன்று கன்னத்தில் வழிந்தது. அந்த நேரம் பார்த்து பாஞ்சாலிக்குப் பால் சுரந்து, கட்டிய துணி இரண்டு பக்கமும் வட்டமாக நனைந்தது. அவள் முந்தானையை இழுத்து மூடினாள். குழந்தை திரியைத் துப்பிவிட்டு, வாசனை வந்த பக்கம் தலையைத் திருப்பி, வாயைத் திறந்து திறந்து மூடினான்.