ரெண்டுங்கெட்டான் வண்டி

ஹைபிரிட் என்ற சொல்லைக் கேட்டதுமே அப்புசாமிக்கு வயிறு எரிந்தது. மகன் மாதவன் இரண்டு கார்களின் படத்தை மேசைமேல் வைத்து, "இது பெட்ரோல்லயும் ஓடும், கரண்டுலயும் ஓடுமுங்கப்பா, ஹைபிரிட்டு. இன்னொன்னு சுத்தமா பேட்டரிதான்" என்று சொல்லி வாய் மூடவில்லை.

"ஐபிரீடா? அந்தக் கருமம் நம்மூட்டுக்கு வேண்டாம்டா."

அவருக்குத் தெரிந்த ஐபிரீடு, தக்காளி. முதல் வருஷம் காய்த்துக் கொட்டியது. அதிலேயே விதை எடுத்து அடுத்த வருஷம் நட்டார். ஒரு செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்தது, ஒரு செடி தரையோடு படுத்தது, உருப்படியாய் ஒரு காய் இல்லை. சண்டைக்குப் போனால், "இதுல வெதை எடுக்கக் கூடாதுங்க" என்று விதைக்கடைக்காரன் சிரிக்கிறான். தோட்டத்துக்காரனைப் பார்த்து விதை எடுக்காதே என்கிறான்! அன்றிலிருந்து, ஐபிரீடு என்று எவன் எதை விற்றாலும் அவருக்கு அவன் திருடன்தான்.

"காருக்கு ஏதுங்கப்பா வெதை?"

"ஒண்ணு பெட்ரோலா இருக்கோணும், இல்லீன்னா கரண்டா இருக்கோணும். ரெண்டுங்கெட்டான் எதுக்குடா?"

ஆக, பழைய அம்பாசிடர் போய், டப்பா மாதிரி ஒரு பேட்டரி கார் வந்தது. அது வந்த நேரம், ஊரில் கரண்டு போனது. இரண்டாயிரத்தெட்டில் திருப்பூரில் கரண்டு மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி. தலையைக் காட்டிவிட்டுக் கிளம்பிவிடும். அவர்களுடைய பனியன் கம்பெனியில் டீசல் ஜெனரேட்டர் ஓட்டித்தான் தைத்தார்கள். காரையும் அதிலேயே செருகினார்கள்.

எதிர்வீதி பனியன் வியாபாரி ராஜா முகமது, அதே ஹைபிரிட்டை வாங்கிக்கொண்டு தினமும் வம்புக்கு வந்தார்.

"என் வண்டி பெட்ரோல நேராக் குடிக்குதுங்கண்ணா. உங்க வண்டி டீசல ஒயரு வழியாக் குடிக்குது. அவ்வளவுதான் வித்தியாசம்."

"உங்க வண்டிக்கே தான் என்னன்னு தெரியாது. போங்க பாய்."

இந்த லட்சணத்தில் மூலனூரில் கல்யாணம் வந்தது. தங்கை மயிலாத்தாள் வரப்புத் தகராறில் ஆறு வருஷமாக அவரோடு பேச்சில்லை. மகள் சித்ராதேவிக்குக் கல்யாணம் என்றதும் அவளாகவே வந்து பத்திரிகை வைத்தாள்.

"பெரிய மாமன் நீங்கதான் புள்ள நெத்தியில பட்டம் கட்டோணும். வரலீன்னா சின்னண்ணன் கட்டட்டும். ஆனா அதோட நமக்குள்ள எல்லாம் முடிஞ்சுதுன்னு வெச்சுக்கோங்க."

மனைவி ராக்கம்மாள் முந்தின நாளே பஸ்ஸில் போய்விட்டாள். முகூர்த்தத்தன்று விடிந்ததும், தாய்மாமன் பெண்ணின் நெற்றியில் கட்டும் தங்கப் பட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்புசாமி காரில் ஏறினார். ராத்திரி பாதி நேரம் கரண்டு இல்லை.

"முக்காவாசி ஏறியிருக்குதுங்கப்பா. தாராளமாப் போயிரலாம்" என்றான் மாதவன்.

தாராபுரத்துக்கு இந்தப் பக்கமே பேட்டரி முள் கீழே வந்துவிட்டது.

"ஏசிய அமத்து" என்றார். அமத்தினான். "பாட்ட அமத்து." அமத்தினான். "ஆரன் அடிக்காதே." அடிக்கவில்லை. கடைசியில் கார் தானாகவே அமர்ந்துவிட்டது.

சாலையோரத் தோட்டத்து வீட்டிலிருந்து மருதாள் என்றொரு பெண் எட்டிப் பார்த்தாள். மாதவன் ஒயரைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

"கரண்டு எங்கீங்க இருக்குது? இப்பத்தான் போச்சு" என்றாள் அவள். "இருந்தாலும் இந்தத் தடிப் பின்னு எங்கூட்டு ஓட்டையில பூராதுங்களே. மோட்டார் ரூம்புலதான் பெரிய ஓட்டை. அதுக்கும் கரண்டு வரோணுமல்லொ." காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். "காருங்களா இது? நானு ஐஸ் வண்டின்னல்லொ நெனச்சேன்."

"நல்லாக் கேளு அம்மணி. இவன் காதுல உளுகற மாதிரிக் கேளு."

"பேட்டரிதான் வேணும்னு நீங்கதானுங்கப்பா..."

"வாய மூடுடா."

முகூர்த்த நாள். வந்த பஸ் எல்லாம் படிக்கட்டில் ஆள் தொங்க, நிற்காமல் போயின. செல்போன் அடித்தது. மயிலாத்தாள்.

"எங்கண்ணா இருக்கறீங்க? புள்ளய மணவறைக்குக் கூப்படப் போறாங்க. சின்னண்ணங்கிட்டச் சொல்லீரட்டுங்களா?"

"சொல்லாதே. வந்துட்டேன்னு வெச்சுக்க."

போனை வைக்கும்போது ஒரு கார் சத்தமில்லாமல் பக்கத்தில் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கியவர் ராஜா முகமது. மாப்பிள்ளை வீட்டுக்கும் வேண்டியவர், அதே கல்யாணத்துக்குத்தான் கிளம்பியிருந்தார்.

"ஏனுங்கண்ணா, வண்டிக்குக் காத்து வாங்குறீங்களா?"

"ஒண்ணுமில்லீங்க பாய். நீங்க போங்க."

"பட்டம் உங்க மடியில. நான் மட்டும் போய் என்ன செய்ய? பிரியாணி கூட இல்ல அங்க. ஏறுங்க."

அப்புசாமி தன் டப்பாவைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், மடியைத் தொட்டுப் பார்த்தார். "நீ இங்கயே இதுக்குக் காவலிருடா" என்று சொல்லிவிட்டு ஏறினார். ஏறியவர் சாயவில்லை, அடுத்தவன் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்த மாதிரி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

தாராபுரத்தில், சாலையை அடைத்து நின்ற லாரிக்குப் பின்னால் நிறுத்தியதும் என்ஜின் சத்தம் பொட்டென்று அடங்கியது.

"படுத்துருச்சா? இதுவும் படுத்துருச்சா?" கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்துவிட்டார். "நான் அப்பவே சொன்னேன். ஐபிரீட நம்பினா இதாங்க கெதி. நான் நடந்தே போறேன்."

"அண்ணா, காலை உள்ள வைங்க! நின்னா என்ஜின் தூங்கும். மிதிச்சா முழிக்கும்."

"தூங்கறதுக்கா வண்டி வாங்குனீங்க?"

லாரி நகர்ந்தது. ராஜா முகமது மிதித்தார். வண்டி முதலில் சத்தமில்லாமல் ஊர்ந்து, பிறகு உறுமிக்கொண்டு பாய்ந்தது. மூலனூர் வரை அப்புசாமி ஒரு கையால் கதவையும் மறு கையால் மடியையும் பிடித்தபடியே வந்தார்.

மண்டபத்தில் மேளம் ஏறிக்கொண்டிருந்தது. அவர் தம்பி, மயிலாத்தாளின் சின்னண்ணன், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மணவறை ஏறத் தயாராக நின்றான். அப்புசாமி கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு போய் அவனை ஒதுக்கிவிட்டு நின்றார். சித்ராதேவியின் நெற்றியில் பட்டத்தை வைத்து நூலை முடியத் தொடங்கினார்.

"எதுல மாமா வந்தீங்க? இப்படி வேர்க்குது?" சித்ராதேவி தலையை நிமிர்த்தினாள்.

"ஆடாதே கண்ணு. முடிச்சு நழுவுது."

மயிலாத்தாள் முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். "வந்துட்டீங்கல்லண்ணா. அது போதும் எனக்கு."

"நான் எங்க வந்தேன்?" என்று எரிந்து விழுந்தார் அப்புசாமி. "அந்த ரெண்டுங்கெட்டானல்லொ என்னையக் கொண்டாந்து போட்டுச்சு."