பெண்கள் காத்திருப்பு அறை: ஒன்று

அந்த ஊரைவிட அந்த ரயில் நிலையத்துக்கு வயது அதிகம். சிரிக்காதீர்கள், நிஜம். கரி எஞ்சின் காலத்தில் வண்டி நின்று தண்ணீர் பிடிக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. கிணறு வெட்டி, தொட்டி கட்டி, பக்கத்தில் ஓர் ஓட்டுக் கட்டடம் எழுப்பினார்கள். நின்ற ரயிலை நம்பிக் கடை வந்தது, கடையை நம்பி வீடு வந்தது, பிறகுதான் ஊர். கரி எஞ்சின் போய் எத்தனையோ காலமாயிற்று. தொட்டி மட்டும் துருப்பிடித்து இன்னும் நிற்கிறது.

இந்த வரலாறு ஸ்டேஷன் மாஸ்டருக்குத் தலைகீழ்ப் பாடம். வருடா வருடம் மேலிடத்துக்கு அனுப்பும் பட்டியலில் முதல் பக்கமே இதுதான். இரண்டாம் பக்கம் வசதிகள்: நடைமேடை இரண்டு, பெஞ்சு பதினொன்று, குடிநீர்க் குழாய் நான்கு, பெண்கள் காத்திருப்பு அறை ஒன்று, அதில் நாற்காலி எட்டு, கண்ணாடி ஒன்று, மின்விசிறி ஒன்று, புகார்ப் புத்தகம் ஒன்று. போன வருடத்துக் காகிதத்தைப் பார்த்து அப்படியே எழுதுவார். அவருக்கு முன்னால் இருந்தவர்களும் அப்படித்தான். ஈயடிச்சான் காப்பியிலும் ஒரு பரம்பரை உண்டு பாருங்கள்!

திங்கட்கிழமை கடிதம் வந்தது. பெண்கள் காத்திருப்பு அறை இல்லாத நிலையங்களில் இனி எக்ஸ்பிரஸ் நிற்காது. வியாழக்கிழமை காலை அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். அதைப் படித்த பிறகுதான் மாஸ்டர் ஒரு கேள்வி கேட்டார், இங்கே வந்த மூன்று வருடத்தில் முதல் தடவையாக.

"ஏம்ப்பா, நம்ம ஸ்டேஷன்ல லேடீஸ் ரூம் எங்க இருக்கு?"

டிக்கெட் கொடுப்பவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். ஒரு டிக்கெட் கொடுப்பதற்குள் ரயில் போய்விடும் என்பதால் ஊரே அவரை 'எக்ஸ்பிரஸ்' என்றுதான் கூப்பிடும்.

"லேடீஸ் ரூமா? பன்னெண்டு வருஷமா இருக்கேன், நான் பாத்ததில்ல சார். கால அட்டவணை போர்டுக்குப் பின்னால ஒரு கதவு உண்டு. ஆணியடிச்சு மூடிட்டாங்க. உள்ள பழைய சாமான் கிடக்கும்."

மாஸ்டர் கடிதத்தை இன்னொரு தடவை படித்தார். பொய்க் கணக்கு எழுதினார் என்று அவருக்கு ஓலை வரட்டும், அது பெரிதில்லை. காலை ஏழு பத்து எக்ஸ்பிரஸில்தான் அவர் மனைவி பக்கத்து நகரத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். ஆறு வருடம் காத்திருந்து கிடைத்த டீச்சர் வேலை. ரயில் நிற்காவிட்டால் மூன்று பஸ் மாற வேண்டும். முதல் மணி அடித்த பிறகுதான் போய்ச் சேருவாள். ஒன்று வேலையை விட வேண்டும், இல்லையென்றால் அங்கே ஒரு அறை பிடித்துத் தனியாக இருக்க வேண்டும்.

"ஸ்டோர் ரூமத் திறந்து ரெண்டு நாற்காலி போட்டுக் காட்டிடலாமே சார்?" என்றார் எக்ஸ்பிரஸ்.

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கச் சொல்றியா? போய்யா! அதிகாரி வரட்டும், உள்ளதச் சொல்லிடறேன்."

மனைவியிடம் மூச்சுவிடவில்லை. ஸ்டேஷன் விஷயம் வாசற்படி தாண்டி வீட்டுக்குள் வரக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். தவிர, பாவம், பயந்துவிடுவாள். சொல்லித் தொலைத்திருந்தால் திங்கட்கிழமையே இந்தக் கதை முடிந்திருக்கும்!

வியாழக்கிழமையும் வழக்கம்போல் மனைவியை ஸ்கூட்டரில் ஏற்றிவந்து, ஐந்தே முக்காலுக்கு வாசலில் இறக்கிவிட்டு ஆறு மணி டியூட்டிக்குள் நுழைந்தார். ஆறரை பாசஞ்சரில் அதிகாரி வந்து இறங்கினார். நடுத்தர வயதுப் பெண்மணி, கையில் அந்தப் பட்டியல். மாஸ்டர் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு, மனப்பாடம் செய்த மன்னிப்பை ஆரம்பித்தார்.

"மேடம், அந்த லேடீஸ் ரூம் விஷயத்துல ஒரு தப்பு..."

"முதல்ல முகம் கழுவிட்டு வந்துடறேனே," என்ற அதிகாரி, பெருக்கிக்கொண்டிருந்த அக்காவிடம் திரும்பினார். "லேடீஸ் ரூம் எங்கம்மா?"

"வாங்கம்மா, இந்தப் பக்கம்," என்று அக்கா இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

இந்தப் பக்கமா? எந்தப் பக்கம்? மாஸ்டர் பின்னாலேயே ஓடினார். கட்டடத்தைச் சுற்றி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, அவர் ஒருநாளும் கால்வைக்காத பின்பக்கம். அங்கே பச்சை வண்ணம் பூசிய கதவு ஒன்று விரியத் திறந்து கிடந்தது. வாசலில் நாலைந்து ஜோடிச் செருப்பு. அதில் ஒரு ஜோடி, போன மாதம் அவரே வாங்கிக் கொடுத்தது.

உள்ளே தரை கண்ணாடியாய்ப் பளபளத்தது. எட்டு நாற்காலி. ஒரு கைக்குழந்தைக்காரி சுவர்ப் பக்கம் திரும்பிப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். மூலை மேஜையில் பரீட்சைத் தாள்களைப் பரப்பி, சிவப்புப் பேனாவும் கையுமாக அவர் மனைவி!

"ஆம்பளைங்க உள்ள வரக் கூடாது சார்," என்று அக்கா வாசலை மறித்தாள்.

"எத்தன வருஷமாக்கா இது திறந்திருக்கு?"

"மூடினாத்தானே சார் திறக்கறதுக்கு? தினம் ரெண்டு வேளை துடைக்கணும்னு என் வேலைத்தாள்ல இருக்கு, துடைக்கிறேன். ஊர்ல எல்லாப் பொம்பளைங்களுக்கும் தெரியுமே. நீங்க யாரும் கேக்கல, நானும் சொல்லல."

அதிகாரி முகத்தைத் துடைத்தபடி வெளியே வந்தார். "ரூம் அருமையா இருக்கு. எக்ஸ்பிரஸ் நிக்கறதுக்கு ஒரு தடையும் இல்ல. ஃபேன்தான் ஓடல. புகார்ப் புத்தகத்தைக் கொஞ்சம் பாருங்க," என்று ஒரு கனத்த நோட்டை நீட்டினார்.

போன உயிர் திரும்பி வந்த மகிழ்ச்சியில் மாஸ்டர் நோட்டைப் பிரித்தார். வரிசையாக ஏழு புகார், ஏழும் ஒரே கையெழுத்து. மளிகைச் சீட்டில் தினம் பார்க்கிற கையெழுத்து. முதல் புகாருக்கு இரண்டு வயது. 'மின்விசிறி ஓடவில்லை. நிலைய அதிகாரி கவனிக்கவும்.' கடைசிப் புகார் போன மாதத்தது. 'மின்விசிறி இன்னும் ஓடவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் நல்ல மனிதர். அவர் காதுக்கு எட்டினால் சரிசெய்துவிடுவார்.'

அவர் நோட்டிலிருந்து நிமிர்ந்தார். மனைவி பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்திருந்தாள்.

"வீட்டுல ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"ரெண்டு தடவ ஆரம்பிச்சேங்க. ஸ்டேஷன் பேச்சு வீட்டுல வேண்டாம்னீங்க. சரி, பயணிதானே நானும், முறைப்படி எழுதிடுவோம்னு எழுதினேன்."

மூன்று வருடம். தினம் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம். இவள் எங்கே உட்காருகிறாள், என்ன செய்கிறாள் என்று ஒருநாள் கேட்டதுண்டா? பதினொரு பெஞ்சில் ஏதோ ஒன்றில் இருப்பாள் என்று நினைத்தார். அதுவும்கூட இல்லை, நினைக்கவேயில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது.

ஏழு பத்து எக்ஸ்பிரஸ் வந்து நின்றது. கொடியும் கையுமாக நின்று, அவள் ஏறி ஜன்னலோரம் உட்காரும்வரை பார்த்தார். வண்டி போனதும், புகார்ப் புத்தகத்தில் இரண்டு வருடமாக வெறுமையாகக் கிடந்த 'பதில்' கட்டத்தில் எழுதினார்: 'தவறு என்னுடையது. இன்றே சரிசெய்யப்படும்.' தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார். பிறகு ஏணியைத் தேடிக்கொண்டு போனார்.