ரம்பத்துக்கு வைத்த சந்தனம்

செவ்வாய்க்கிழமை காலை இட்லியைப் பிட்டுக்கொண்டே பழைய படங்களைப் புரட்டிக்கொண்டிருந்த விஸ்வநாத், போனை மனைவியிடம் நீட்டினான்.

"பாரு தாரு, உங்க லேப் ஆயுத பூஜை. எல்லா மெஷினுக்கும் பொட்டு வெச்சவங்க இந்த ரம்பத்தை மட்டும் மறந்துட்டாங்க. நான்தான் மூடியைத் திறந்து பிளேடுக்கே வெச்சேன். வெளியில வெச்சா எவனாவது துடைச்சிடுவான் இல்ல?"

தாரிணி போனை வாங்கி, படத்தின் தேதியைப் பார்த்தாள். பருத்திக் காட்டில் விழுந்த விண்கல்லை அவள் அந்த ரம்பத்தில்தான் வெட்டினாள், பூஜைக்கு மறுநாள். ரம்பம் சுத்தமா என்று சோதித்ததோ பூஜைக்கு முதல் நாள். நடுவில் அதை யாரும் தொடவில்லை என்று நம்பியிருந்தாள்.

கல்லின் வயது நானூற்று ஐம்பத்தாறு கோடி ஆண்டு. சூரியன் பிறந்தபோது அதைச் சுற்றிச் சுழன்ற தூசியில், வெயில் எட்டாத பனிப் பகுதியில் திரண்டது. உயிருக்கு அடிப்படையான அமினோ அமிலங்கள் பன்னிரண்டு அதில் கிடைத்திருந்தன. பூமியில் உயிர் முளைக்க வேண்டிய சரக்கு அங்கிருந்தே வந்திருக்கலாம் என்று வியாழன் மூன்று மணிக்கு அறிவிக்கப்போகிறாள்.

"உங்க விரல் வேர்வையிலேயே அமினோ அமிலம் இருக்குங்க!"

"சாமிக்கு அரைச்ச சந்தனம்தானே..."

"சந்தனம் மட்டும் என்ன, உயிருள்ள மரம்தானே!"

விஸ்வநாத்தின் கை தட்டிலேயே நின்றது. "யாருக்கும் தெரியாது தாரு. படத்தை அழிச்சிடட்டுமா?"

வேண்டாம் என்ற சொல் அவளுக்கு உடனே வாயில் வரவில்லை. மூன்று வருட உழைப்பு. அந்தத் தயக்கமே அவளைப் பயமுறுத்தியது.

"நக்கோ, நக்கோ, வேணாம்," என்று அவனே பதறினான். "கேட்டதே தப்பு. கெளம்பு, நான் கொண்டு விடறேன்."

உப்பலில் இருந்த லேப் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினான். தாரிணி உள்ளே போய் ரம்பத்தின் மூடியைத் திறந்தாள். அச்சருகே மஞ்சள் கறை அப்படியே இருந்தது. நேரே தலைவர் ராமச்சந்திரனின் அறைக்குப் போனாள்.

"சார், வியாழக்கிழமை பேச முடியாம போகலாம்."

முழுவதும் கேட்டுவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றினார். "டெல்லியிலேருந்து ஆளுங்க வராங்கம்மா. வீட்டுக்காரர் ரம்பத்துக்குப் பொட்டு வெச்சுட்டார்னு நான் எழுத்துல குடுக்கணுமா?"

"ஆமா சார். கீழே நான் கையெழுத்துப் போடறேன்."

சூளையில் வறுத்தெடுத்த பளிங்குக் கல்லில் எந்த அமிலமும் இருக்காது. அதை அதே ரம்பத்தால் வெட்டினாள். விண்கல்லில் கண்டதெல்லாம் இதிலும் தெரிந்தால், அத்தனையும் சந்தனமும் வேர்வையும்தான். பொடித்து, கரைத்து, வடிகட்டி முடிக்க இரண்டு நாள் பிடித்தது.

வியாழன் மதியம் ஒன்றரை. திரையில் கோடு நகர்ந்தது. முதல் அமிலத்துக்கான இடத்தில் முகடாக எழும்பியது. அடுத்ததும் எழும்பியது. ஒவ்வொன்றாகப் பதினொன்றும் எழும்பின. தாரிணி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

பன்னிரண்டாவது வரவேண்டிய இடம் வந்தது. கோடு படுத்தே கிடந்தது. ஒரு நிமிடம் போயிற்று. இன்னொரு நிமிடம். அசையவே இல்லை.

மறுபடியும் ஓட்டிப் பார்த்தாள். அதே படுத்த கோடு. பூமியின் உயிர்கள் அநேகமாகப் பயன்படுத்தாத அமிலம் அது. விண்கல்லில் அது ஓங்கி நின்றது. பளிங்கில் சுவடே இல்லை.

"பன்னெண்டுன்னு அழைப்பிதழ்லயே போட்டாச்சேம்மா," என்றார் பின்னால் நின்ற ராமச்சந்திரன்.

"ஒண்ணுதான் சார் நிச்சயம். ஆனா அது இங்கத்தது இல்ல."

அவர் கையிலிருந்த அழைப்பிதழில் பன்னிரண்டை அடித்து ஒன்று என்று எழுதினார். "சரி. அதைப் பேசு."

வராந்தாவில் அரை நாள் லீவு போட்டுவிட்டு நின்றிருந்த விஸ்வநாத் அருகில் வரவே பயந்தான். "எத்தனை கெடுத்தேன்?"

"பதினொண்ணு."

"மிச்சம்?"

"ஒண்ணு இருக்கு. உள்ள வந்து முன் வரிசையில உக்காருங்க."

அவன் அவள் விரல்களை இறுகப் பிடித்து, அரங்க வாசல் வரை விடவில்லை.

தாரிணி மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "எங்கள் முடிவுகளில் பதினொன்றை நான் திரும்பப் பெறுகிறேன்," என்று தொடங்கினாள்.