நாலும் ஏழும்

இரும்பாலையின் ஷெட்டில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், ஆலை வாசலில் ஒரு தண்டவாளத் துண்டின் மேல் ஏற்றி வைத்திருந்த பழைய டீசல் என்ஜினைப் பார்த்ததும் நடையை நிறுத்தினார். பக்கத்தில் வந்த தங்கையும் நின்றாள்.

பெரிய என்ஜின் அல்ல. ஆலைக்குள்ளேயே வேகன்களை இழுப்பதும் தள்ளுவதுமாகக் காலம் தள்ளிய ஷண்டிங் என்ஜின். புதுப் பச்சைப் பெயின்ட் வெயிலில் பளபளத்தது. கேபினுக்குக் கீழே வெள்ளையில் "4" என்று எழுதியிருந்தார்கள். அதன் கீழே ஒரு பித்தளைத் தகடு. பணியில் உயிர் நீத்த ஷண்டரின் நினைவாக என்று தொடங்கி, அவள் கணவனின் பெயரில் முடிந்தது.

மறுநாள் விழா. திரையை விலக்க அவளைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். "நாளைக்குக் கூட்டத்துல எனக்குப் படபடன்னு வரும். இன்னைக்கே ஒரு தடவை பாத்துட்டு வந்துடலாம்ணா" என்று அவள்தான் அண்ணனை அழைத்து வந்தாள்.

"என்னண்ணா, முகம் ஏன் இப்படிப் போச்சு?"

அவர் என்ஜினை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கேபின் ஜன்னலின் மூலையைத் தொட்டுப் பார்த்தார். படிகளை எண்ணினார். மூக்குப் பகுதியின் இடப்பக்கம் துருத்திக்கொண்டிருந்த பெட்டியை அண்ணாந்து பார்த்தபடியே நின்றுவிட்டார்.

"இது நாலு இல்லம்மா. ஏழு."

அவள் பித்தளைத் தகட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்த ஆலையில் நாலும் ஏழும் ஒரே கம்பெனியின் ஒரே மாடல். வெளியாள் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் ஷெட்டில் நாலுக்கு மருமகள் என்று பெயர், ஏழுக்கு மாமியார். நாலின் மூக்கு இரண்டு தோளும் சரிந்து, ஒடுங்கி நிற்கும். ஜன்னல் மூலைகள் வளைந்திருக்கும். ஏற மூன்று படி. சில வருடம் கழித்து வந்த ஏழுக்குத் தோள் சதுரம், ஜன்னல் மூலை கூர், படி நாலு. போதாததற்கு, இடது தோளின் மேல் காற்று வடிகட்டும் பெட்டி ஒன்றையும் ஏற்றி வைத்திருந்தார்கள். "மாமியார் குறுக்க நின்னா முன்னாடி என்ன நடக்குதுன்னு தெரியவா போகுது" என்று டிரைவர்கள் சிரிப்பார்கள்.

ஒருநாள் அந்தச் சிரிப்பு நின்றது. நாலாம் நம்பர் என்ஜின் சக்கரம் கழற்றப்பட்டு ஷெட்டில் கிடந்த நாள் அது. அதற்குப் பதிலாக ஏழு போயிற்று. கை சைகையால் என்ஜினை நடத்தும் ஷண்டரான மாப்பிள்ளை வழக்கம்போல இடப்பக்கம் நின்று வேகனைக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தார். என்ஜின் நகர்ந்தது. என்ஜினும் வேகனும் முட்டிக்கொள்ளும் இரண்டு பஃபருக்கும் நடுவில் அவர் சிக்கினார்.

கை சைகை எதையும் பார்க்கவில்லை என்றார் டிரைவர். ஷண்டர் சைகை காட்டவில்லை, அவருடைய கவனக்குறைவு என்று விசாரணை முடிந்தது. ஃபிட்டர் அங்கேயே சொன்னார்: அந்த என்ஜினில் இடப்பக்கம் நிற்கிற ஆள் டிரைவருக்குத் தெரிய மாட்டான். ஒரே மாடல்தானே என்று கேட்டு அவரை உட்கார வைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து தங்கையிடமும் சொன்னார். கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தவள், "ரெண்டும் ஒண்ணுதானேண்ணா. எனக்கு ஆறுதல் சொல்றதுக்காக எதையாவது சொல்லாத" என்றாள். அவர் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

அவளுக்குக் கணவன் மேல் ஆற்றாத கோபம். அவருக்கு எதிலும் அவசரம், காலில் கஞ்சியைக் கொட்டிக்கொண்ட மாதிரி. அந்த அவசரம்தான் தன்னையும் மகளையும் நடுத்தெருவில் விட்டது என்று நம்பினாள். தையல் மெஷினை மிதித்தே மகளை ஆளாக்கினாள். "உங்கப்பன் மாதிரி பறக்காதடி" என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தாள்.

விழா வேலைகளைக் கவனித்துக்கொண்டிருந்த பெண் அதிகாரி இவர்களைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். ஃபிட்டர் விஷயத்தைச் சொன்னதும் அதிகாரியின் முகம் வெளுத்தது.

"ஐயா, சத்தியமா எனக்குத் தெரியாது. நாலை எப்பவோ உடைச்சுட்டாங்களாம். மிச்சம் இருந்தது இது ஒண்ணுதான். முதல் மூணும் நீராவி, ஆலையோட முதல் டீசல் நாலுதானாம்; முதல் டீசல்னு சொல்லணும், அதனால இதுக்கு நாலுன்னு எழுதச் சொன்னாங்க."

தங்கை அவரைக் கவனிக்கவில்லை. கேபினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், நான் மேல ஏறலாமா?"

முழங்கால் வலியோடு கம்பியைப் பிடித்து ஏறினாள். டிரைவர் இருக்கையில் உட்கார்ந்தாள். எண்ணெயும் புதுப் பெயின்ட்டும் கலந்த வாடை அடித்தது.

"அண்ணா, அவர் நின்ன இடத்துல போய் நில்லு."

அவர் தயங்கினார். பிறகு இடப்பக்கமாக நடந்து, முன்பக்கப் பஃபருக்கு அருகில் போய் நின்றார். வெறும் தண்டவாளத் துண்டுதான், இனி நகராது என்று தெரிந்தும் அவர் சக்கரத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"எங்கண்ணா நிக்கிற?"

"இங்கதாம்மா."

"தெரியலையே. கையைத் தூக்கு."

"தூக்கிட்டுத்தாம்மா நிக்கிறேன்."

அவர் கையை இறக்கவில்லை. தோள் வலித்தது. கொஞ்ச நேரத்தில் அதிகாரி மெல்ல வந்து அவர் முழங்கையைத் தொட்டு, "போதும் ஐயா" என்றார்.

அவள் கேபினின் இரும்புச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தாள். இறங்கி வந்தபோது அழுத சுவடு இல்லை.

"மேடம், இதுல அவர் பேரு வேண்டாம். தகட்டைக் கழட்டிடுங்க. அந்த விசாரணையில அவர் மேல தப்புன்னு எழுதியிருக்காங்கல்ல, அதை மாத்த முடியுமா?"

அதிகாரி பொய் சொல்லவில்லை. "தகட்டை இன்னைக்கே எடுத்துடறேன்மா. மத்தது... கேட்டுப் பாக்கறேன். நடக்கும்னு வாக்குக் கொடுக்க என்னால முடியாது."

அது நடக்கவில்லை. தகடு மட்டும் அன்று மாலையே போயிற்று. மறுநாள் வேறு யாரோ திரையை விலக்கினார்கள். இன்றும் அந்த என்ஜின் நாலு என்ற பெயரில்தான் நிற்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதன் படியில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

வீடு திரும்பும் பேருந்தில் அவள், "அன்னைக்கே நான் உன்னை நம்பியிருக்கலாம்" என்றாள். "விடும்மா" என்றார் அவர்.

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், வெளியூரில் வேலை பார்க்கும் மகளைப் போனில் கூப்பிட்டாள்.

"அப்பா கையைக் காட்டியிருப்பார்டி. டிரைவருக்குத் தெரிஞ்சிருக்காது. அப்பா மேல தப்பு இல்ல."

"யாரும்மா சொன்னா? மாமாவா?"

"யாரும் சொல்லல. நானே ஏறி உக்காந்து பாத்தேன்."

"இத்தனை வருஷமா நீ அவரைத் திட்டிட்டே இருந்தியேம்மா" என்றாள் மகள்.

அவள் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அண்ணன் சமையலறைக்குப் போய், பாத்திரம் எங்கே இருக்கிறதென்று தேடித் தேடி, தண்ணீர் எடுத்து வந்தார்.