கிளட்ச் கால்

டிரைவிங் மாஸ்டருக்குப் பக்கவாதம் வந்து இரண்டு மாதமாகிறது. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. அதில் அவர் மனைவிக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். இடது கால்தான் மக்கர் செய்தது. முப்பது வருஷம் கிளட்ச் மிதித்த கால்.

சிகிச்சைக் கூடத்தில் இணையாக இரண்டு கம்பிகள். நடுவில் தரையில் மஞ்சள் நாடா ஒட்டிய கோடுகள். ஒவ்வொரு கோட்டையும் தாண்டிக் காலை வைக்க வேண்டும். மாஸ்டர் மூன்றாவது கோட்டில் நின்றுவிடுவார்.

"இன்னைக்கு இது போதும்மா. இன்ஜின் சூடாயிடுச்சு."

"இன்னும் ஒரு கோடு, ஐயா," என்பாள் பயிற்சி தரும் பெண். அவர் நாற்காலியைக் கேட்டு அடம்பிடிப்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, மூட்டு மாற்றிக்கொண்ட புது நோயாளி ஒருவர் வாக்கரோடு வந்தார். மாஸ்டருக்கு முகம் கடுத்தது. வந்தவர் அவருடைய சம்பந்தி, மகனின் மாமனார். கல்யாணத்தன்று மண்டப வாசலில் அவர் கார் ரிவர்ஸ் எடுத்த லட்சணத்தை மாஸ்டர் நாலு பேர் முன்னால் விமர்சித்ததிலிருந்து மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

சம்பந்தி கம்பிகளின் மறுகோடியில், குனிந்து தன் பாதத்தையே பார்த்தபடி நடந்தார். மாஸ்டருக்கு உடம்பெல்லாம் அரித்தது.

"கீழ பாத்து நடக்கறார் பாரும்மா. நிமிந்து பாக்கச் சொல்லு."

"நான் சொன்னா கேக்க மாட்டேங்கறார். நீங்களே போய்ச் சொல்லுங்க," என்றாள் அவள்.

மாஸ்டர் கம்பியைப் பிடித்தார். மூன்றாவது கோடு போயிற்று, நான்காவது போயிற்று. இடது கால் நடுங்கியது, இழுபட்டது, ஆனாலும் வந்தது. எட்டாவது கோட்டில் மூச்சிரைக்க நின்று சொன்னார்: "காலைப் பாக்காதீங்க. எதிர்ல பாருங்க."

சம்பந்தி மெதுவாக நிமிர்ந்தார். "நீங்க முதல்ல அந்தக் காலைத் தூக்கி வைங்க. தரையைப் பெருக்கிட்டு வர்றீங்க."

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. காலைக் குனிந்து பார்த்தார். பிறகுதான் தாண்டி வந்த கோடுகளைத் திரும்பிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. அதைச் சம்பந்தி பார்த்துவிடக் கூடாதே என்று இருமினார்.

"எட்டுக் கோடு," என்றார் சம்பந்தி. "நானும் எண்ணிக்கிட்டுதான் இருந்தேன்."

அன்றிலிருந்து இருவருக்கும் ஒரே நேரம் ஒதுக்கினாள் அவள். இரண்டு மாதத்தில் மாஸ்டர் கம்பியை விட்டு ஊன்றுகோலுக்கு வந்தார். சம்பந்திக்குப் பயிற்சியே முடிந்துவிட்டது. ஆனாலும் தினம் பத்து மணிக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறார்.

"உங்களுக்கு இங்க என்ன வேலை, ஐயா?" என்று ஒருநாள் அவள் கேட்டாள்.

"மேற்பார்வை," என்றார்.