தடைப் பக்கத்தில் ஒரு வரி

1

இந்தக் கதை ஓர் அவமானத்தில் பிறந்தது. ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கிருந்த கம்ப்யூட்டரில் என் வலைப்பூவைத் திறந்து காட்டப் போனேன். 'அனுமதி இல்லை' என்று வந்தது. என் எழுத்துக்கு இவ்வளவு சுருக்கமான விமர்சனம் அதற்கு முன் கிடைத்ததில்லை. "ப்ராக்ஸி சர்வர் சார்," என்றார்கள். உள்ளே இருக்கும் எந்தக் கம்ப்யூட்டரும் அதைக் கேட்டுத்தான் வெளியே போக முடியுமாம். கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி மாதிரி. அந்த 'அனுமதி இல்லை'யை யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதியிருப்பார் இல்லையா? அவரைப் பிடித்துக்கொண்டேன்.

2

பென்சன் ஒரு சோகமான

(வேண்டாம். அதை முதலிலேயே சொல்லிவிட்டால் அப்புறம் நான் எதற்கு?)

பென்சன் சூளகிரியில் ஒரு தொழிற்சாலையில் நெட்வொர்க் பார்க்கிறான். மனைவி ரூபி அங்கேயே டெஸ்பாட்ச் பிரிவில் இருக்கிறாள். ஐந்தாம் மாதத்தில் அவர்கள் குழந்தை கலைந்துபோனது. அதன் பிறகு அவன் முதல் ஷிஃப்ட், அவள் இரண்டாவது. கேட்டு வாங்கிக்கொண்டார்கள். பேசினால் மற்றவர் உடைந்துவிடுவாரோ என்று இருவருக்கும் பயம். "பால் இருக்கு", "கேஸ் வந்துச்சு" என்பதற்கு மேல் வீட்டில் பேச்சில்லை. இப்படியே போனால் இந்தக் கல்யாணம் சத்தமில்லாமல் முடிந்துவிடும். என்னால் அதைத் தாங்க முடியாது. அதனால்தான் ப்ராக்ஸி அமைக்கும் வேலையை அவனுக்குக் கொடுத்தேன்.

3

தடுத்த தளத்தைத் திறந்தால் 'அனுமதி இல்லை' என்று வருகிறதே, அந்தத் தடைப் பக்கத்தில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் வேறு வேறாகவும் வைக்கலாம். ரூபியின் கம்ப்யூட்டருக்கு மட்டும் அவன் எழுத ஆரம்பித்தான்.

'ரூபி, நீ என்னைய'

'நம்ம பாப்பா'

'சாப்டியா'

(மூன்றையும் அழித்தது நான். இத்தனை வருஷம் எழுதியும் எனக்கு ஒரு வரி வரவில்லை. கடைசியில் அவனே எழுதினான்.)

'ரூபி, நானும் அழுவறேன். நீ தனியா அழ வேணாம்.'

4

இங்கே பென்சன் ஒரு தப்புச் செய்தான்.* முதல் ஷிஃப்டில் ரூபியின் கம்ப்யூட்டர் முன்னால் டெஸ்பாட்ச் மாதேஷ் உட்காருவான் என்பதை மறந்துவிட்டான். கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கப் போன மாதேஷின் முன்னால் அந்த வரி வந்து நின்றது.

* எனக்கும்தான் தோன்றவில்லை. திருத்தலாமென்று திரும்பிப் போனேன். மாதேஷ் அதற்குள் படித்துவிட்டான்.

அவனை ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்க வைக்கலாமா என்று பார்த்தேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. ஷிஃப்ட் மாறும் நேரத்தில், பக்கத்தை மூடாமல் எழுந்தான்.

"அக்கா, ஒரு பேஜ் மூடாம உட்டிருக்கேன். உங்களுக்கு வந்தது. தெரியாம படிச்சுட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க."

5

முடிவு ஒன்று: ரூபி அழுதாள். (அதை எழுத எனக்கு மனசில்லை.)

முடிவு இரண்டு: மேனேஜர் பார்த்துவிட்டார், பென்சனுக்கு மெமோ

(இந்த மனுஷன் யார் நடுவில்?)

நடந்தது இதுதான். ரூபி வெகுநேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, வீட்டிலிருந்த பென்சனுக்குப் போன் செய்தாள்.

"ஏங்க, என் சிஸ்டத்துல ஒரு பக்கம் தெறக்க மாட்டேங்குது. வந்து பாக்கறீங்களா?"

பென்சன் சொன்னான்: "[                    ]"

அந்த இடத்தை உங்களுக்காக விட்டிருக்கிறேன். சீக்கிரம் எழுதுங்கள். அவள் போனைக் காதில் வைத்தபடி நிற்கிறாள்.